ஆறு அறைகளும் ஒரு குழலும்

அமெரிக்க ‘கௌபாய்’ படங்களைப் பார்க்காத மாணவர் நம் விடுதிகளில் இருக்க மாட்டார். இடுப்பில் தொங்கும் நீண்ட கைத்துப்பாக்கியைக் கதாநாயகன் கண்மூடித் திறப்பதற்குள் உருவுவான், சுடுவான், எதிரி சாய்வான். அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் கோல்ட் நிறுவனத்தார் 1873ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்காக வெளியிட்ட ‘சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி’ என்னும் ரிவால்வராகவே இருக்கும். திரையில் அது குறி தவறுவதே இல்லை. உண்மையிலோ, அது குறி தவறுவதற்கும் தவறாதிருப்பதற்கும் உரிய காரணம் சுடுகிறவனின் கண்ணிலும் கையிலும் மட்டும் இல்லை. அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றிலும் இருக்கிறது.

அந்த ஒரு கூற்றைப் பற்றியதே இக்கட்டுரை. துப்பாக்கியில் நாட்டமில்லாத நண்பர்களும் இதைப் படிக்கலாம். ஒரு துளையும் அதனூடே செல்லும் ஒரு பொருளும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது பொறியியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. அக்கேள்விக்கு ரிவால்வர் அளிக்கும் விடை தெளிவானது; பலருடைய எண்ணத்துக்கு மாறானதுங்கூட.

கருவியின் அமைப்பு

‘சிங்கிள் ஆக்ஷன்’ என்றால் விசைக்கு ஒரே வேலை என்று பொருள். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அப்போது உருளை ஓர் அறையளவு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். விசையை அழுத்தினால் சுத்தியல் விடுபடும், அவ்வளவுதான். இவ்வாறு சுழலும் உருளையுடைய துப்பாக்கிக்குச் சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1873ஆம் ஆண்டு ரிவால்வருக்கும் இன்று செய்யப்படும் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்களுக்கும் உள்ளே எத்தனையோ மாறுதல்கள் உண்டு. ஆனால் அடிப்படை அமைப்பு அதுவே. 1955இல் ரூகர் நிறுவனத்தார் ‘பிளாக்ஹாக்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டபோது இவ்வகைக்குப் புது வாழ்வு கிடைத்தது. அமெரிக்காவில் இன்றும் வேட்டைக்காரர்களும் குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டோரும் இதை விரும்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் ஈயத்தை உருக்கித் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள்.

ரைபிளில் ஓர் அறை, ஒரு குழல். இரண்டும் ஒரே இரும்புத் துண்டில் கடையப்படுவதால் அவற்றின் அச்சுக்கோடு ஒன்றே. ரிவால்வரில் அறைகள் ஆறு, குழல் ஒன்று. ஆறு அறைகளும் முறை வைத்துக் குழலின் முன் வந்து நிற்கின்றன. ஆகையால் ஒரு ரிவால்வர் வாங்குபவர் உண்மையில் ஆறு துப்பாக்கிகளை வாங்குகிறார். அவை ஆறுக்கும் குழல் மட்டுமே பொது என்று சொல்லலாம்.

குண்டு செல்லும் வழியைப் பின்தொடர்வோம். பித்தளைக் கூட்டோடு கூடிய தோட்டா அறையில் கிடக்கிறது. அறையின் முன்பகுதியில், கூடு முடியும் இடத்துக்கு அப்பால், துளை சற்றுக் குறுகுகிறது. குடத்துக்குக் கழுத்துப் போல அமைந்த இந்தக் குறுகிய வழியைத் ‘தொண்டை’ என்று அழைக்கிறார்கள். குண்டு இதைக் கடந்து, உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளியைத் தாண்டுகிறது. நல்ல ரிவால்வரில் இந்த இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு பங்குதான். அதன் பிறகு குழலின் வாயில் கூம்பு போல் விரிந்திருக்கும் பகுதி குண்டை வாங்கிக் குழலுக்குள் செலுத்துகிறது. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட பள்ளங்களும் அவற்றினிடையே மேடுகளும் உள்ளன. மேடுகள் ஈயத்தில் பதிந்து குண்டைச் சுழல வைக்கின்றன. கோல்ட் .45 குழலில் இச்சுருள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நொடிக்கு 900 அடி வேகத்தில் வெளிப்படுமானால், அது நொடிக்கு 675 முறை சுழல்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பம்பரம் சுழல்வதால் நிமிர்ந்து நிற்பதுபோல, குண்டும் சுழல்வதால்தான் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்கிறது.

தொண்டையே எஜமான்

குழலின் பள்ளங்களுக்கிடையே உள்ள விட்டம் எவ்வளவோ அவ்வளவு பருமனுள்ள குண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ரைபிளில் இது ஏறக்குறையச் சரி. ரிவால்வரில் அன்று. ஏனெனில் குண்டு குழலை அடைவதற்கு முன்பே தொண்டை அதன் பருமனைத் தீர்மானித்து விடுகிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். ஒரு .45 ரிவால்வரில் குழலின் பள்ள விட்டம் 0.4515 அங்குலம், தொண்டைகளோ 0.449 அங்குலந்தான் என்று கொள்வோம். உரிமையாளர் 0.452 அங்குலக் குண்டுகளை வாங்குகிறார். சுட்டவுடன் தொண்டை அக்குண்டைப் பிழிந்து 0.449 ஆக்கிவிடுகிறது. குண்டு குழலுக்குள் வரும்போது அதைச் சுற்றி இடைவெளி இருக்கிறது. பின்னாலிருந்து நெருப்பாகப் பாயும் வாயு அந்த இடைவெளியின் வழியே முந்திக்கொண்டு ஓடுகிறது. ஓடும்போது குண்டின் ஓரங்களை அரித்து உருக்குகிறது. உருகிய ஈயம் குழலின் சுவரில் படிகிறது. பத்து இருபது முறை சுட்டதும் பள்ளங்கள் அடைபடுகின்றன, குறி சிதறுகிறது.

மற்றொரு ரிவால்வரில் பள்ள விட்டம் அதே 0.4515, தொண்டைகள் 0.457 என்று கொள்வோம். இங்கே 0.452 அங்குலக் குண்டு தொண்டையில் தொட்டும் தொடாமலும் கடந்து செல்கிறது. வாயு தொண்டையிலேயே முந்துகிறது. குண்டு ஒருபுறம் சாய்ந்தபடி கூம்பில் மோதவும் கூடும். சாய்ந்து நுழைந்த குண்டு சாய்ந்தே சுழலும்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி எளியது. தொண்டை, குழலின் பள்ள விட்டத்தைவிட ஆயிரத்தில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை பெரிதாக இருக்க வேண்டும். குண்டு தொண்டையின் அளவிலேயே இருக்க வேண்டும். வழி எப்போதும் அகலத்திலிருந்து குறுகலுக்குப் போக வேண்டுமேயன்றி, குறுகலிலிருந்து அகலத்துக்குப் போகக் கூடாது. பள்ளம் 0.4515 என்றால், தொண்டை 0.452 அல்லது 0.4525, குண்டு 0.452. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மில்லிமீட்டரில் 0.0254, நம் தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. அந்த அளவில்தான் வெற்றியும் தோல்வியும்!

இந்த அளவுகள் காலந்தோறும் மாறியும் வந்துள்ளன. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட .45 கோல்ட் குழல்களின் பள்ள விட்டம் பொதுவாக 0.454 அங்குலம். போருக்குப் பிறகு அது 0.451, 0.452 என்று குறைந்தது. பெயர் அதுவே, தோட்டாவும் அதுவே, அளவு மட்டும் வேறு. ஆகையால் பெயரை நம்பிக் குண்டு வாங்குபவர் ஏமாறுவார். கருவியை அளந்து பார்த்து வாங்குபவரே பிழைப்பார்.

அளக்கும் முறை

அளப்பதற்கு முன் உருளையைக் கழற்ற வேண்டும். சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரில் இது மிக எளிது. தோட்டா ஒன்றும் இல்லையென்று ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, உருளையின் நடு ஊசியை உருவினால் உருளை தனியே கையில் வந்துவிடும்.

மென்மையான தூய ஈயத்தில், துளையைவிடச் சற்றுப் பருத்த துண்டு ஒன்றை எடுத்து, துளையில் சிறிது எண்ணெய் தடவி, மரக்கோலாலோ பித்தளைக் கோலாலோ மெல்லத் தட்டி அத்துண்டை உள்ளே செலுத்த வேண்டும். மறுபுறம் வெளிவரும் துண்டு, துளையின் அளவைத் தன்மேல் எழுதிக்கொண்டு வரும். அதை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இந்த நுட்பத்துக்குப் போதாது. குழலுக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு துண்டு, ஆக ஏழு துண்டுகள். ஆறு பள்ளங்கள் உள்ள குழலில் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் இருப்பதால் அளப்பது எளிது. ஐந்து பள்ளங்கள் உள்ள குழலில் பள்ளத்துக்கு எதிரே மேடு வரும். அதற்குத் தனி வகை மைக்ரோமீட்டர் வேண்டும்.

ஈயத்துண்டைக் குழலுக்குள் தள்ளும்போது கை உணரும் செய்தியும் முக்கியமானது. குழலைச் சட்டத்தில் திருகி இறுக்கிய இடத்தில் சில ரிவால்வர்களின் குழல் உட்புறமாகச் சிறிது நெரிந்திருக்கும். அந்த இடத்தில் துண்டு தயங்கி நிற்கும். அதைக் கடந்ததும் வழுக்கிக்கொண்டு ஓடும். தொண்டை சரியாக இருந்தாலும், இந்த நெரிசல் குண்டை மீண்டும் பிழிந்துவிடும். அப்போது நோய் தொண்டையில் இல்லை, குழலில் இருக்கிறது. எனவே தொண்டையை மட்டும் திருத்துவது வீண்.

கருவிகள் இல்லாதவர்க்கும் ஒரு சோதனை உண்டு. தாம் சுடவிருக்கும் குண்டை உருளையின் முன்புறத்திலிருந்து தொண்டையில் வைத்து, விரலாலோ பென்சிலாலோ அழுத்த வேண்டும். மிதமான அழுத்தத்தில் குண்டு நகர்ந்து சென்றால் பொருத்தம் சரி. தானே விழுந்தால் தொண்டை பெரிது. நுழைய மறுத்தால் சிறிது. ஆறு தொண்டைகளில் ஒன்று மட்டும் வேறுபடுவதும் இச்சோதனையிலேயே தெரிந்துவிடும்.

குண்டின் வடிவம்

1873ஆம் ஆண்டின் .45 தோட்டாவில் 40 கிரெய்ன் கரும்பொடி மருந்தும் சுமார் 255 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. நம் பழைய தோலா 180 கிரெய்ன் ஆகையால், அக்குண்டு ஏறக்குறைய ஒன்றரைத் தோலா என்று கொள்ளலாம். அதன் மூக்கு கூம்பி, நுனி தட்டையாக இருந்தது.

பின்னர் இடாஹோ மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் கீத் என்பவர் (1899–1984) குண்டின் வடிவத்தில் பெரிய மாறுதல் செய்தார். அவர் வகுத்த குண்டில், தட்டையான மூக்குக்குப் பின்னால், முழுப் பருமனுள்ள அகன்ற பட்டை ஒன்று கூட்டுக்கு வெளியே நிற்கும். தோட்டா அறைக்குள் சென்றதும் அந்தப் பட்டை தொண்டையின் வாயில் போய் அமரும். இதனால் குண்டு சுடப்படுவதற்கு முன்பே தொண்டையின் மையத்தில் நேராக நிற்கிறது. அதற்குப் பின்னால் மசகு நிரப்பும் பள்ளமும், கூர்மையான ஓரங்களையுடைய தட்டை அடிப்பாகமும் உண்டு. கீத்தின் வடிவம் புகழ் பெற்றதற்குக் காரணம், அது தொண்டையின் முக்கியத்துவத்தை உணர்ந்து வகுக்கப்பட்டது என்பதே. தொண்டை குறுகிய ரிவால்வரில் இதே நன்மை தொல்லையாக மாறும். முன்பட்டை தடுப்பதால் தோட்டா அறையில் முழுதும் இறங்காது. அத்தகைய கருவிக்கு, முன்பட்டை வெளியே நீளாத பழைய வடிவமே ஏற்றது.

வார்த்த குண்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது மூக்கைவிட அடிப்பாகத்தையே கூர்ந்து நோக்க வேண்டும். குழலைவிட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான். அதன் ஓரம் ஒருபுறம் மழுங்கியிருந்தால் வாயு அப்புறத்தில் முந்தி வெளிப்பட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். மூக்கில் சிறு சுருக்கம் இருந்தால் பொறுக்கலாம். அடியில் குறையிருந்தால் மீண்டும் உருக்குச் சட்டியில் போட்டுவிட வேண்டும்.

கடினம் மருந்தாகுமா?

இப்போது பலர் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறோம். குழலில் ஈயம் படிகிறதா? ‘ஈயம் மென்மையாக இருப்பதால்தானே படிகிறது? கடினமான குண்டை வாங்கு’ என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடினமான குண்டை வாங்கிய பிறகு படிவு கூடியதைக் கண்டு திகைத்தவர்கள் ஏராளம்.

தூய ஈயத்தின் பிரினெல் கடினம் ஏறக்குறைய 5. அதில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தால் கடினம் ஏறும். நூற்றுக்கு 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி கொண்ட ‘லைமன் 2ஆம் எண்’ கலவைக்குக் கடினம் 15. அச்சகங்களில் லைனோடைப் இயந்திரத்துக்குப் பயன்பட்ட கலவையில் ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4. அதன் கடினம் 22 அளவில் இருக்கும். ஆஃப்செட் முறை பரவுவதற்கு முன் நம் தமிழ் நூல்களும் இதே மூன்று உலோகங்களின் கலவையில் வார்த்த எழுத்துகளால்தான் அச்சேறின. அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும், குளிரும்போது அதிகம் சுருங்கக் கூடாது என்பதே எழுத்து வார்ப்போருக்கும் குண்டு வார்ப்போருக்கும் பொதுவான தேவை. அமெரிக்க அச்சகங்கள் லைனோடைப்பைக் கைவிட்டபோது அந்த உலோகம் குண்டு வார்ப்போரின் சட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் கடினத்துக்கு ஒரு விலை உண்டு. மருந்து வெடித்ததும் எழும் அழுத்தத்தால் மென்மையான குண்டின் அடிப்பாகம் சற்றே விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். கடினமான குண்டு விரியாது. குண்டு வார்ப்போர் இதற்கு ஒரு கை மதிப்பு வைத்திருக்கிறார்கள். பிரினெல் எண்ணை 1,422ஆல் பெருக்கினால், குண்டு விரிவதற்குச் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். கடினம் 10 என்றால் 14,220 பவுண்டு. 22 என்றால் 31,284 பவுண்டு. .45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்தமே 14,000 பவுண்டுதான். அப்படியிருக்க, லைனோடைப் உலோகத்தில் வார்த்த குண்டு அந்தத் தோட்டாவில் எவ்வாறு விரியும்? அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வாயு முந்தும், படிவு உண்டாகும்.

1935இல் வந்த .357 மேக்னம், 1950களின் நடுவில் வந்த .44 மேக்னம் போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களுக்குக் கூடுதல் கடினமோ, குண்டின் அடியில் பொருத்தும் சிறு செப்புத் தொப்பியோ உதவும் என்பது உண்மையே. அதிலும் கீத் தம் கனமான .44 தோட்டாக்களுக்குப் பயன்படுத்தியது ஒரு பங்கு வெள்ளீயத்துக்கு 16 பங்கு ஈயம் என்னும் மிதமான கலவைதான். அளவு பொருந்தினால் மிதமான கடினம் போதும். அளவு பொருந்தாவிட்டால் எந்தக் கடினமும் போதாது.

படிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் நோய் நாடுவதற்கு உதவும். கூம்புக்கு அருகே படிந்தால் குண்டு சிறிது, அல்லது தொண்டை சரியில்லை என்று ஐயுற வேண்டும். குழலின் முன் நுனியில் மட்டும் படிந்தால் தேன்மெழுகு முதலிய மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தொண்டையைத் திருத்துதல்

தொண்டை பெரிதாக இருந்தால் அதைச் சிறிதாக்க வழியில்லை. தொண்டைக்கு ஏற்ற பருத்த குண்டை, சற்று மென்மையான கலவையில் வார்த்துப் பயன்படுத்தலாம். அதுவும் எல்லைக்குட்பட்டதே, பருத்த குண்டு கூட்டையும் விரிக்குமாதலால் தோட்டா அறையில் நுழையாமற் போகலாம். அப்போது புதிய உருளை பொருத்துவதே வழி.

தொண்டை சிறிதாக இருந்தால் திருத்தலாம். இதற்கு ரீமர் என்னும் வெட்டுக்கருவி உண்டு. அதன் முன்முனையில், தொண்டைக்குள் ஆடாமல் பொருந்தும் வழிகாட்டி வளையம் ஒன்றை மாட்டுவார்கள். வளையம் வழிகாட்ட, வெட்டும் பகுதி தொண்டையின் மையம் பிசகாமல் பின்தொடரும். தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் உருளையை மெத்தென்ற பிடியில் பொருத்தி, வெட்டெண்ணெயைத் தாராளமாக விட்டு, ரீமரைக் கையால் மெதுவாகச் சுழற்றுவார். வலப்புறமாக மட்டுமே சுழற்றுவார். வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கித் திருப்பமாட்டார். திருப்பினால் கருவியின் முனை மழுங்கும், சுவரும் கீறும். ஒரு தொண்டை முடிந்ததும் சீவல்களைத் துடைத்து, அளந்து பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்வார். முடிவில் மெல்லிய மெருகு கொடுக்க இடம் வைத்தே வெட்டுவார். கோலில் உப்புத்தாளைச் சுற்றிக் கண்மதிப்பாகத் தேய்ப்பவரும் உண்டு. அவ்வாறு தேய்த்தால் தொண்டையின் வாய் புனல்போல் விரிந்துவிடும். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குறுகிய துளையை அகலமாக்கலாம். அகன்ற துளையைக் குறுக்க முடியாது. குண்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. பிழையானால் மறுநாள் வேறு குண்டு. இரும்பை வெட்டுவது ஒருமுறை வேலை. ஆகையால் முதலில் அளவு, அடுத்துக் குண்டு, கடைசியில்தான் ரீமர்.

இரு எச்சரிக்கைகள்

ஈயம் நஞ்சு. உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. குழந்தைகள் அருகில் வரக் கூடாது. தூய ஈயம் 327 பாகை சென்டிகிரேடில் உருகுகிறது. உருகிய ஈயத்துக்குள் ஈரம் ஒரு துளி சிக்கினாலும் அது நொடியில் ஆவியாகிச் சட்டியிலுள்ள ஈயத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும்.

இரண்டாவது, சட்டம். இங்கே கூறியவை அமெரிக்க நாட்டுப் பழக்கங்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ உற்பத்தி செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். விடுதி அறையில் செய்து பார்க்கும் பரிசோதனை அன்று இது.

ஆயினும் இதன் பாடத்தை நம் பட்டறைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் எடுத்துச் செல்லலாம். பிஸ்டனும் சிலிண்டரும், தண்டும் பேரிங்கும், ஊசியும் குழாயும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இடமெல்லாம் இதே கேள்வி எழுகிறது. ஓர் இயந்திரம் மக்கர் செய்யும்போது, ‘இன்னும் வலிய பொருளைப் போடு’ என்னும் குரலே முதலில் எழும். அப்போது, ‘எல்லாவற்றையும் அளந்தாயிற்றா?’ என்று அமைதியாகக் கேட்பவரே நல்ல பொறியாளர்.